கரிசல் கூடமும் கைதட்டலும்

எந்த மண்ணைப் பற்றி ஒருவன் கவிதை எழுதியிருக்கிறானோ, அந்த மண்ணால் அவன் சுவர் எழுப்பக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. (பொய். மூன்று பேர் சொன்னார்கள். அதில் ஒருவர் இரண்டு தடவை சொன்னார், கையால் செய்தும் காட்டினார்.)

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில், பருத்திக்காட்டைத் தட்டையாக்கி எழுப்பிய ஒரு பொறியியல் கல்லூரியில் நான் தமிழ் வாத்தியார். பொறியியல் பிள்ளைகளுக்குத் தமிழ் எடுப்பது, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனை நிறுத்தி நிலாவைக் காட்டுவது மாதிரியான உத்தியோகம். நாற்பது வயதுக்குள் இரண்டு வசனகவிதைத் தொகுப்புகள் போட்டிருந்தேன். இரண்டிலும் பக்கத்துக்குப் பக்கம் கரிசல் வரும். தூங்கும் யானை என்பேன், கறுப்புக் கண்ணாடி என்பேன், மழைக்கு ஏங்கும் மார்பு என்பேன். வாழ்க்கையில் நான் கரிசலில் விதைத்ததில்லை, அறுத்ததில்லை. மழைநாளில் அது செருப்பில் அப்பிக்கொண்டால் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடுவேன்.

அப்படிப்பட்ட என் கையில்தான் ஒரு புதிய விருப்பப் பாடத்தைக் கொடுத்தார்கள். பெயர், 'மரபுச் சூழலறிவும் நீடித்த வடிவமைப்பும்'. ஊர்மக்களின் அறிவைக் கல்லூரிக்குள் கொண்டுவர வேண்டும். அந்த அறிவை வைத்து மாணவர்கள் தங்கள் கையாலேயே ஒரு கூடம் கட்ட வேண்டும். பிறகு அந்தக் கூடத்திலேயே ஊர்ப் பெண்களுக்கு ஞாயிறு வகுப்பு. ஐப்பசியில் சென்னையிலிருந்து நிபுணர் குழு வந்து பார்க்கும். திருப்தி என்றால் பாடம் நிலைக்கும். இல்லையென்றால் பாடத்தை மூடிவிட்டு, முதலாமாண்டு 'பி' பிரிவுக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுக் கொடுக்க நான் திரும்பிப் போக வேண்டும். பதினான்கு வருடம் அந்த விண்ணப்பங்களைத் திருத்தியவன் நான். இந்தப் பாடத்தை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை.

சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில் முதல் அமர்வு. தாயில்பட்டியிலிருந்து கல்லூரி பஸ்ஸில் பதினொரு பெண்கள் வந்தார்கள். எல்லோரும் பட்டாசு கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்கு அன்றுதான் விடுமுறை. 'செவிமடுத்தல்' என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் பேசினேன். மக்கள் பேச வேண்டும், நாம் கேட்க வேண்டும் என்பதை நாற்பது நிமிடமும் நானே பேசினேன். ஐந்து நிமிடம் மிச்சமிருந்தபோது முன்வரிசையில் ஒரு அம்மாள் கையைத் தூக்கினார். முத்துமாரி. திரி வைக்கிற வேலை. தன் வீட்டுச் சுவரைத் தானும் தங்கச்சியுமாக எழுப்பியவர் என்று பிறகு தெரிந்தது.

"சார், எந்த மண்ணுல கட்டப் போறீக?"

"இதோ, நம்ம காலடியில இருக்கிற மண்ணுலதான்மா."

"கரிசல்லயா?"

பக்கத்திலிருந்த பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"அது தண்ணியக் கண்டா வீங்கும், வெயிலக் கண்டா வெடிக்கும் சார்."

நான் கண்களை மூடிக்கொண்டேன். என்ன லயம். இருபது வருடம் எழுதியும் எனக்கு இப்படி ஒரு வரி சிக்கியதில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றேன்.

வாத்தியாருக்கு விளங்கவில்லை போல என்று நினைத்து, முத்துமாரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வீங்கும் என்றபோது இரண்டு உள்ளங்கைகளையும் அகட்டினார். வெடிக்கும் என்றபோது விரல்களை விரித்தார். (அபிநயம் என்று நினைத்தேன்.) அதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்து, பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னேன். தட்டினார்கள். முத்துமாரி குழம்பிப்போய், "வீட்டுக்குன்னா செவல் மண்ணு அடிக்கணும் சார். நாங்க ரெண்டு டிராக்டர் லோடு அடிச்சோம். அஸ்திவாரத்துக்கு வானமும் சரள தட்டுற வரைக்கும் தோண்டணும்" என்றார்.

அது உரைநடையாக இருந்ததால் குறித்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது எச்சரிக்கை பால்ராஜ். சிவில் துறை விரிவுரையாளர், ஆலங்குளத்துக்காரர். அவர் அப்பா அங்கே சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். ஆகவே பால்ராஜ் வாயைத் திறந்தாலே எனக்கு சிமெண்ட் பேசுவதாகத்தான் கேட்கும்.

"சார், மண்ண ஒரு டெஸ்டாச்சும் பண்ணிருவோம் சார்."

"நம்ம முன்னோர்கள் டெஸ்ட் பண்ணிட்டா கட்டினாங்க, பால்ராஜ்?"

"எங்க முன்னோர்கள் கரிசல்ல பருத்தி போட்டாங்க சார். வீடு கட்டல."

அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன். தொழிற்சாலை ஒரு தலைமுறைக்குள் மனிதனை எப்படி ஆக்கிவிடுகிறது என்று அன்றைக்கே ஒரு கவிதையும் எழுதினேன்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் காது கொடுத்தேன். கூரைக்குப் பனையோலை என்று நான் படம் போட்டிருந்தேன். அடுத்த ஞாயிறு முத்துமாரி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாக எதிர்க்காட்டில் இருந்த பட்டாசு கம்பெனியைப் பார்த்தார். "அம்புட்டுப் பக்கத்துல ஓலையா சார்?" என்றார். முதல்வரும் அப்போது அங்கே இருந்தார், அவருக்குக் காது கேட்கும். ஓலை போய் ஓடு வந்தது. "ஓடு கனம் சார், இந்தச் சுவர் தாங்காது" என்றார் பால்ராஜ். சிமெண்ட் மறுபடியும் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கத்திரி வெயிலில் பிள்ளைகள் மண்ணை மிதித்தார்கள். நான் ஓரமாகக் குடையோடு நின்று வரிகள் சொன்னேன். கரிசல் கூடம் எழும்பியது. ஆடியில் சுவரில் மெல்லிய கீறல்கள் வந்தபோது, பார்க்க வந்தவர்களிடம் "மண்ணின் கைரேகை" என்றேன். பால்ராஜ் தினம் காலையில் ஒரு பென்சிலோடு வந்து கைரேகைக்குள் விட்டுப் பார்ப்பார். முதல் வாரம் முனை மட்டும் போனது. மூன்றாவது வாரம் பென்சில் உள்ளே விழுந்துவிட்டது. வேறு பென்சில் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது ஆள் என் மச்சான். மனைவியின் அண்ணன், சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர். குழுவுக்கும் ஊருக்கும் கொடுக்க, அடுத்த வருடத்துக்கான மாதக் காலண்டர் ஐந்நூறு போடச் சொன்னேன். மேலே கூடத்தின் படம், கீழே முத்துமாரியின் வரி. அவர் பெயர் சின்னதாக. 'கருத்தாக்கம்' என்று என் பெயர் கொஞ்சம் பெரிதாக. கூடத்துக்குள் மாட்ட அதே வரியும் பெயர்களுமாக ஒரு பேனரும்.

"காலண்டர் சீசன்ல மெஷின நிப்பாட்டி இத ஓட்டணுமா மாப்ளே" என்று அலுத்துக்கொண்டவர், படத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். "செவுத்துல விரிசல் தெரியுதே. டச் பண்ணி மறைச்சிரவா?"

"வேண்டாம் மச்சான். அதுதான் அழகு."

"ஓடு விழுந்தா அதுவும் அழகா?"

மூன்று எச்சரிக்கை முடிந்தது. ஐப்பசி வந்தது.

குழு வருவதற்கு முன் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் கழுவிவிட்ட மாதிரி வெயில். மூன்று பேர் வந்தார்கள். தலைவி, சென்னையில் கட்டடக்கலைப் பேராசிரியர். அதிகம் பேசாதவர், அதனால் பயமூட்டுபவர். தாயில்பட்டிப் பெண்கள் வரும் பஸ் தாமதமானது. அவர்கள் வந்தால் நான் பேசும் நேரம் குறையும் என்பதால் காத்திருக்காமல் குழுவை உள்ளே அழைத்துப் போனேன்.

"கதவைச் சாத்தினால்தான் குளிர்ச்சி தெரியும்" என்று சொல்லிச் சாத்தினேன். தோளைக் கொடுத்து அழுத்திய பிறகுதான் சேர்ந்தது. நல்ல இறுக்கம் என்று அதையும் பாராட்டினேன்.

சுவர் மூச்சு விடும் விதம் பற்றி கால் மணி நேரம் பேசினேன். நடுவில் ஓடுகள் ஒன்றோடொன்று முணுமுணுத்தன. தலைவி அண்ணாந்து பார்த்தார். "போகலாமா" என்றார். கதவை இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். கைப்பிடி மட்டும் வந்தது.

ஒரு ஆள் நுழைய முடியாத வட்டத் துளைகளாக இரண்டு ஜன்னல் வைத்திருந்தேன். 'நிலா ஜன்னல்' என்று பெயர். அதில் ஒன்றில் பால்ராஜின் முகம் உதித்தது.

"சார், சுவத்துல சாயாதீங்க. யாரும் சாயாதீங்க. நடுவுல நில்லுங்க."

நான்கு பேரும் நடுவில் நின்றோம். எதிரில் பேனர். தலைவி அதை வாய்விட்டுப் படித்தார். "தண்ணியக் கண்டா வீங்கும். வெயிலக் கண்டா வெடிக்கும்." பேனருக்கு மேலே ஒரு விரிசல் கிளம்பி, வரியின் பின்னால் புகுந்து, கீழே வேறொரு இடத்தில் வெளிவந்திருந்தது. பிறகு தலைவி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு உவமை சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை.

வெளியே பஸ் வந்து நிற்கும் சத்தம். அடுத்து முத்துமாரியின் குரல்.

"கதவ இழுக்காதீக. நெல ஓரத்துச் செவுத்த நோண்டணும். ஏலே, அங்கன கெடக்க மம்பட்டிய எடு." ஏலே என்றது பால்ராஜை. அவர் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

பத்து நிமிடத்தில் நிலைச்சட்டத்தின் ஒரு பக்கம் இளகி, கதவு ஒரு முழம் திறந்தது. ஒவ்வொருவராகப் பக்கவாட்டில் பிதுங்கி வந்தோம். வாசல் சேற்றில் தலைவியின் வலது ஷூ தங்கிவிட்டது. முத்துமாரி எல்லோரையும் எதிரே தள்ளியிருந்த ஒரு மரத்தடி வரை விரட்டிக்கொண்டு போய் நிறுத்தித் தலைகளை எண்ணினார். ஒருமுறை எண்ணிவிட்டு, திரும்பவும் எண்ணினார். (கம்பெனியில் வந்த பழக்கம். இந்தக் கதையில் நான் சிரிக்காத இடம் இது ஒன்றுதான்.)

அவர் எண்ணி முடிக்கவும் கூடம் உட்கார்ந்தது. வெடிக்கவில்லை, இடியவில்லை. நின்று நின்று கால் கடுத்தவர் மாதிரி, ஓட்டோடு மெல்ல உட்கார்ந்தது. 'நீடித்த வடிவமைப்பு' ஐந்து மாதம் நீடித்திருந்தது.

ஒற்றை ஷூவோடு தலைவி முத்துமாரியிடம் கேட்டார். "அந்த பேனர்ல இருக்கிற வரி நீங்க எழுதினதாம்மா?"

"எழுதல மேடம். கட்டாதீகன்னு சொன்னேன். சார் கைதட்டச் சொன்னாக."

பால்ராஜ் திரும்பி நின்றுகொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

குழுவின் அறிக்கை ஒரு மாதம் கழித்து வந்தது. அதுவரை விடுப்பு விண்ணப்பத்துக்கான மாதிரிப் படிவங்களைத் தூசி தட்டி வைத்திருந்தேன். பாடம் தொடரலாம் என்று இருந்தது. சரிந்த கூடத்தை அப்புறப்படுத்தாமல் பாடப்பொருளாக வைத்துக்கொள்ள வேண்டும். சமூக அமர்வுகளைத் தாயில்பட்டிப் பெண்களே நடத்த வேண்டும். கடைசி நிபந்தனை: ஒருங்கிணைப்பாளர் ஒரு பருவம் முழுவதும் அந்த அமர்வுகளில் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும்.

அமர்ந்தேன். கடைசி பெஞ்சில். முத்துமாரி முதல் வகுப்பில் ஒரு கையில் கரிசலும் மறு கையில் செவலுமாக வந்து, இரண்டின் மேலும் தண்ணீர் விட்டுக் காட்டினார். பிள்ளைகள் யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். செவல் மண்ணில் கட்டிய இரண்டாவது கூடம் நான்கு மழையைப் பார்த்துவிட்டு நிற்கிறது.

ஐந்நூறு காலண்டர்களை என்ன செய்வது? அச்சடித்த தாளை வீணாக்குவது மச்சானின் ரத்தத்தில் இல்லை. சொந்தபந்தம் அத்தனை பேர் வீட்டுக்கும் கொடுத்துவிட்டார். அந்த வருடம் முழுக்க, இல்லாத ஒரு கட்டடம் விருதுநகர் மாவட்டத்தின் எத்தனையோ சமையலறைகளில் தொங்கியது. எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர், "பாத்து, செவுத்துல சாயாதீக" என்பார்கள்.

வீட்டில் இன்னும் மோசம். யார் எனக்கு எதை நினைவூட்டினாலும், என் மகள் உடனே, "அப்பா, போர்டுல எழுதிக்கோங்க" என்பாள்.

போன வாரம் மாடியறையில் எழுதிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "ஏங்க, தொட்டி நெறஞ்சு செவுரெல்லாம் அழுகுது."

என்ன வரி. பேனா தானாகத் தாளில் இறங்கியது. கதவோரம் நின்றிருந்த மகள் மெதுவாகக் கைதட்ட ஆரம்பித்தாள்.

எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினேன். பிறகுதான் வந்து எழுதினேன்.