நான் சுரண்டப்போன தவளை

அன்பும் விலங்கியல் படிப்பும் மிகுந்த மைத்துனருக்கு, உன் அக்காவைக் கட்டிக்கொண்டும் இதுவரை உயிரோடிருக்கும் பெயின்டர் அத்தான் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்பதில் ஒரு புள்ளி மரத்தவளையும் அடக்கம். அதன் நலம் என் நலத்தைவிட ஒரு படி மேல். உன் நலமறிய ஆவல்தான், ஆனால் அதற்கு இப்போது அவசரமில்லை.

விஷயம் இதுதான். லாட்ஜ் முதலாளி ஒருவர் புதுக் கட்டடத்தின் மொத்தப் பெயின்ட் வேலையையும் எனக்குத் தரத் தயார். "நீங்க அடிச்சதுல ஈரம் படற சுவர் ஒண்ணக் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். இது கிடைத்தால்தான் மழைக்காலத்தில் என் ஆட்கள் சும்மா உட்காராமல் இருப்பார்கள். நம் வீட்டுக் குளியலறையையே காட்டலாமென்று பால் வெள்ளையாக அடித்து முடித்தேன். மறுநாள் காலை பார்க்கிறேன், ஜன்னலுக்குக் கீழே பழுப்பாக ஒரு திட்டு, அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். சுவரில் ஓதம்! சுரண்டிப் பட்டி பார்த்துவிடலாமென்று தகட்டைக் கொண்டுபோனால், ஓதம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. இத்தனை வருஷத் தொழிலில் எந்த ஓதமும் என்னைப் பார்த்ததில்லை. பார்த்ததோடு நிற்காமல் ஒரே தாவலில் என் வழுக்கையில் வந்து ஒட்டிக்கொண்டது. விரல் நுனியில் பசைத் தட்டு வைத்திருக்கிறதாமே! நான் வாங்கிய எந்த ப்ரைமரும் அப்படிப் பிடித்ததில்லை.

என் அலறல் கேட்டு ஓடிவந்த உன் அக்கா, "ஐயோ பாவம்!" என்றாள். அந்தப் பாவம் நானில்லை என்பது பிறகுதான் புரிந்தது. உடனே உனக்குப் போன். நீயாவது நல்ல வார்த்தை சொன்னாயா? "மரத்துலதான் இருக்கும்னு இல்லக்கா. ஈரமும் பூச்சியும் இருந்தா குளியலறையும் அதுக்குக் காடுதான், விட்டுடு" என்றாயாம். விட்டோம். அது பகல் வெளிச்சத்தில் வெளிறி என் பெயின்ட் நிறத்துக்கே வருகிறது, இருட்டினால் பழுப்பாகிறது. ஷேடு கார்டு பார்க்காமல் கலர் சேர்க்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். இது போதாதென்று அடுத்த நாள் சுவரில் வெள்ளையாக ஒரு புடைப்பு. பெயின்ட் கொப்பளித்துவிட்டதென்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். தொட்டால் நுரை! மறுபடி உனக்குப் போன். உள்ளே முட்டையாம், பொரிந்து தலைப்பிரட்டைகள் கீழே விழுமாம், விழும் இடத்தில் தண்ணீர் இருக்கவேண்டுமாம். நான் குளிக்கும் பெரிய டப் இப்போது அதற்குக் கீழே நிற்கிறது, நான் தோட்டத்துக் குழாயடியில் தெருவே பார்க்கக் குளிக்கிறேன். ஏனென்று கேட்டால், "அது எங்கங்க போகும்? நீங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்கிறாள்.

மாப்பிள்ளை, நாளை மறுநாள் முதலாளி வருகிறார். புத்தம்புதுச் சுவரில் நுரை தொங்குவதைப் பார்த்தால் வந்த வழியே திரும்பிவிடுவார். எனக்கு நிஜமாகவே பயமாயிருக்கிறது. உன் அக்கா உன் பேச்சைத்தான் கேட்பாள். போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் கூரியரில் இந்தக் கடிதம். உடனே புறப்பட்டு வந்து, தவளையையும் நுரையையும் மரமும் குளமும் உள்ள இடமாகப் பார்த்துக் குடிவைத்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

நோய்நொடியில்லாமல், நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டி, அவளுக்கும் இப்படித் தவளை சிபாரிசு செய்கிற ஒரு தம்பி வாய்த்து நீ நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
குழாயடியில் குளிக்கும்
உன் அத்தான்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் முதலாளி இன்றே வந்துவிட்டார். மப்பும் மந்தாரமுமான நாள். தவளை நல்ல பழுப்பில், புள்ளி புள்ளியாக, ஆடாமல் அசையாமல் சுவரில். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "பெயின்டரே, உயிரோட இருக்கற மாதிரியே வரைஞ்சிருக்கீங்களே! பக்கத்துல நுரை மாதிரி அந்த வேலைப்பாடு வேற!" என்றார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். உன் அக்கா முந்திக்கொண்டாள்: "எல்லாம் அவரு கைவேலைங்க." வேலை நமக்குத்தான். ஒரே ஒரு நிபந்தனை, லாட்ஜில் ஒவ்வொரு குளியலறையிலும் இதேபோல் ஒன்று வேண்டுமாம். நான் வட்டம் போட்டாலே கோணலாக வருமென்பது உனக்கே தெரியும். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. நுரையை யாரும் தொடக்கூடாது. அதில் மொத்தம் எத்தனை முட்டை இருக்கும், லாட்ஜ் திறப்பதற்குள் அவையெல்லாம் வளர்ந்து சுவர் ஏறிவிடுமா என்று மட்டும் உடனே போன் செய்து சொல்.