ஆதிநாராயணன் ஊற்றிய சாக்கே

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் நாலு ஏக்கரில் நெல் போடும் ஆதிநாராயணன் பாட்டிலைத் தொட்டு இரண்டு வருடம் ஆகிறது. மேல்மலையனூர் அம்மனிடம் வேண்டிக்கொண்டுவிட்டார். பிராந்தி, விஸ்கி, பீர், சாராயம் என்று நாலையும் பேர் சொல்லித்தான் விட்டார். அந்தப் பட்டியலில் ஜப்பான் சரக்கு இல்லை என்பது, மச்சான் ராம்கி அந்த நாட்டுக்கு வேலைக்குப் போன பிறகுதான் அவர் புத்தியில் உறைத்தது.

ராம்கி நண்பன் ஒருவனிடம் நாலு விதமான சாக்கே கொடுத்தனுப்பினான். ஆதிநாராயணன் விழுப்புரம் போய் வாங்கி, பிள்ளைபெற்ற வீட்டிலிருந்து கைக்குழந்தையைக் கொண்டுவருவதுபோல மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார்.

"இன்னா இது?" என்றாள் மனைவி சூர்யகலா.

"சாக்கே. அரிசியில பண்றது."

"குடிக்கறதுக்கு சாக்கா?"

"சாக்கு இல்ல, சாக்கே. நெல்லு போடறவன், அரிசி இன்னா இன்னாவா ஆவுதுன்னு தெரிஞ்சிக்க வேணாமா? வேண்டுதல்ல இதும் பேரே கெடையாது."

சண்டைக்குத் தயாராக நின்றார். சூர்யகலா சண்டை போடவில்லை.

"பேர் இல்லதான். ஆனா அவங்க ஊரு மொறப்படி குடிக்கணும். ஞாயித்துக்கிழம ராம்கிய வீடியோவுல கூப்ட்டு வெச்சிக்கினு குடிக்கலாம்."

அங்கேயே அவர் பயந்திருக்க வேண்டும். மனிதர் மூன்று நாள் சந்தோஷத்தில் சோறு தின்னவில்லை. "ஜப்பான்காரன் மொறயெல்லாம் எனக்கு அத்துப்படி" என்று ராம்கியிடம் போனில் பீற்றிக்கொண்டதும் அந்த மூன்று நாளில்தான்.

ஞாயிறு நாலு மணிக்குப் போனைச் சொம்பில் சாய்த்து வைத்தார்கள். இரண்டு சந்தனக் கிண்ணம்.

"இங்க யாரும் தனக்குத் தானே ஊத்திக்க மாட்டாங்க மாமா" என்றான் ராம்கி. "ஒருத்தருக்கு ஒருத்தர் ஊத்தணும். உங்களுக்குத் தெரியாததா."

"தெரியாமலா" என்று மனைவிக்கு முதலில் ஊற்றினார்.

அவள் ஒரு வாய் உறிஞ்சினாள். "முலாம்பழ வாசன வருது ராம்கி."

"அது அரிசியப் பாதிக்குத் தீட்டிட்டுப் பண்றது அக்கா."

ஆதிநாராயணன் தன் கிண்ணத்தை நீட்டினார். சூர்யகலா கையைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க வேண்டிக்கின அன்னிக்கே நானும் வேண்டிக்கினேன். இந்தக் கையால யாருக்கும் ஊத்தித் தரமாட்டேன்னு. உங்கள மாதிரி பேர் பேரா சொல்லல. மொத்தமா சொல்லிட்டேன்."

"குடிக்க மாட்டேன்னு வேண்டிக்கலயா?"

"அத ஏன் வேண்டிக்கணும்? எனக்குத்தான் அந்தப் பழக்கமே இல்லயே."

"அப்ப நானே ஊத்திக்கறேன்."

"நீங்களே ஊத்திக்கினா அது சாக்கே இல்லிங்க, சாராயம். சாராயம் வேண்டுதல்ல கீது."

"மரியாதையும் இல்ல மாமா" என்றது போன்.

இரண்டாவது பாட்டிலைத் திறந்து ஊற்றினார். "கழனித்தண்ணி மாதிரி கலங்கலா கீது, ஆனா தித்திக்குது" என்றாள். மூன்றாவது நுரைத்தது. பன்னீர் சோடா போல இருக்கிறதாம். நாலாவதைச் சூடாகக் குடிக்க வேண்டும் என்றான் ராம்கி. வெந்நீர் வைத்து, பாட்டிலை அதில் நிறுத்தி, பக்கத்தில் காவல் நின்றதும் ஆதிநாராயணன்தான். ஆவி மூக்கில் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டார். சாக்கேவுக்கும் அவருக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

"நெல்லு அவிக்கற வாசன" என்றாள் சூர்யகலா. "நாலுல இதுதான் ஒசத்தி."

"எப்டி மாமா இருந்திச்சி?"

"பாக்க நல்லா இருந்திச்சிப்பா" என்றார் ஆதிநாராயணன், காய்ந்த கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு.

"தொறந்துட்டா ரொம்ப நாள் வெக்கக் கூடாதுக்கா. ஜல்தியா முடிச்சிடணும்."

ஆதிநாராயணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு பாட்டிலை அவள் ஒருத்தி எப்படி முடிப்பாள்?

"முடிச்சிடலாம்" என்றாள் சூர்யகலா. "நாளைக்கும் மாமாவயே ஊத்தச் சொல்றேன்."