ஹியூபேட் இருந்ததற்கு அத்தாட்சி

ஏதென்ஸில் புறப்பட்டு, பாரிஸில் இளைப்பாறி, மனித அறிவு கடைசியாக வந்து சேர்ந்த இடம் வெள்ளவத்தை. துணிக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடி. அந்த மகத்தான தனியார் கல்லூரியில் ஞாயிறுதோறும் மேலைத் தத்துவ வரலாற்றுக்கு டிப்ளோமா வகுப்பு.

கொட்டாஞ்சேனை ஹியூபேட் அதில் சேர்ந்தார். புறக்கோட்டைச் சந்தையில் இருபத்தேழு வருஷம் மூட்டை தூக்கிய நாட்டாமை, அதாவது சுமைகூலி. நாற்பது வயதில்தான் எழுத்துக்கூட்டப் படித்தவர். ஒரு தடவையாவது பரீட்சை மண்டபத்தில் குந்தி எழுதவேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஞாயிறு மாதா கோயில் பூசையைக்கூடச் சனிக்கிழமை பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டார். ஒரு வகுப்பும் விடவில்லை.

ஆனால் கல்லூரி நவீனமானது. வருகையைப் பதிவது வாசலில் இருக்கும் விரல் மெஷின். சீமெந்துப் பையும் செத்தல் மிளகாய் மூட்டையும் ஹியூபேட்டின் பத்து விரல் ரேகைகளையும் எப்போதோ தின்றுவிட்டன. ஒவ்வொரு ஞாயிறும் மெஷின் சிவப்பாக எரிந்து, அப்படி ஒருவர் இல்லை என்றது. "பிறகு பாப்பம்" என்று உள்ளே விட்டார்கள்.

பரீட்சை நெருங்கியது. வருகை: பூச்சியம். 'விசேட கூட்டம்' கூடியது.

"சேர், முன்வாங்கில இருந்தது நாந்தானே?"

விரிவுரையாளர் தனஞ்சயன் கண்ணாடியைக் கழற்றினார். "கண்டனான்தான். ஆனா கண்ணை நம்பலாமோ எண்டுதானே மூண்டாம் பாடம் முழுக்கப் படிச்சனாங்கள்?"

"நீங்க கேள்வி கேட்டீங்க, நான் பதில் சொன்னேனே சேர்!"

"கனவிலயும் கேள்வி பதில் வரும்."

பதிவாளர் அருந்ததி தயங்கினார். "யோசிக்கிறவர் இருக்கிறார் எண்டு ஒரு பிரெஞ்சுக்காரர் நிரூபிச்சவரெல்லே, சேர்?"

"ஓம் மிஸ். அவரிட்ட மெஷின் இருக்கேல்லை."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: 'திரு. ஹியூபேட் அவர்கள் இப்பாடநெறியில் இருந்தார் என்பதற்கு அத்தாட்சி இன்மையால், பரீட்சைக்குத் தோற்ற இயலாது.' ஒரு மனிதனை இவ்வளவு கண்ணியமாக இல்லாமல் ஆக்குவது சின்னக் கல்லூரிகளால் ஆகிற காரியமல்ல. இல்லாதவருக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணீர் வந்தது.

ஹியூபேட் குடித்துவிட்டு எழும்பினார். "ஒரு சந்தேகம் சேர். ஏதென்ஸ் சந்தையில பெரிய ஆக்கள் நின்டு கதைச்சாங்க என்டு படிச்சோம். அந்த நேரம் அங்க மூட்டை தூக்கினது யாரு?"

தனஞ்சயன் புத்தகத்தைப் புரட்டினார். "அடிமைகள் எண்டு போட்டிருக்கு. பேர் ஒண்டும் இல்லை."

"விரல் தேஞ்சிருக்கும் சேர்," என்றார் ஹியூபேட். "அதான் ஒங்கட புத்தகத்தில பதியல்ல."