ஃபாஜிலுக்கு விசா அனுப்புவது பற்றி

கூத்தாநல்லூர்
9.6.1999

அன்புள்ள மச்சான் மீரா உசேன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் அக்கா கமருன்னிஸாவும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். ஷார்ஜா வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். நலம் விசாரித்தாயிற்று, இனி அழலாம்.

விஷயம் நம் மகன் ஃபாஜில்தான். ஆட்டிசம் என்று சென்னை டாக்டர் சொன்னதும் அவனுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் தேடிப் பிடித்தோமே, அவர்கள் பதினெட்டு முடிந்ததும் மாலை போட்டு, போட்டோ எடுத்து, வாசலைக் காட்டிவிட்டார்கள். பிறந்தநாளோடு ஆட்டிசமும் முடிந்துவிடும் என்று அவர்களுக்கு யார் சொன்னதோ தெரியவில்லை. சரியென்று நம் துணிக்கடையில் உட்கார வைத்தேன். "சாயம் போகுமா தம்பி?" என்று கேட்ட, சேலை எடுக்க வந்த ஒரு அம்மாவிடம், "போகும். போன வாரம் ரெண்டு பேரு திருப்பிக் கொண்டாந்தாங்க" என்றான். பொய் என்றும் சொல்ல முடியவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

நாலு பேரோடு பழகட்டும் என்று போனில் சொன்னது நீங்கள்தான். என் தங்கை மகள் அனீஸாவின் நிக்காஹ் விருந்து வந்தது. நாலு பேர் ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிட இவனால் ஆகாதே என்று ஒரு வாரம் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். பெரிய தட்டைச் சுற்றி நான், உங்கள் அக்கா, மகள் ஷமீரா, அவன். சோற்றில் விரலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, யாரும் தாண்டக் கூடாது என்றான். பிள்ளை சாப்பிட்டால் போதும் என்று நாங்களும் தாண்டவில்லை. சஹன் என்றால் அதுதான் சட்டம் என்று அவன் நம்பியதற்கு நாங்கள்தான் காரணம். விருந்தில் பிஸ்மில்லா சொன்ன கையோடு பிரியாணியில் கோடு போட்டான். எதிரே உட்கார்ந்திருந்தவர் நன்னிலத்தில் ரைஸ்மில் வைத்திருக்கும் அப்சர் பாய். "பாய், உங்க கை என் பக்கம் வந்துடுச்சு." அவர் கையை எடுத்துக்கொண்டு, "தம்பி என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். "வேலை இல்ல. அத்தா கடையில இருந்து எடுத்துட்டாங்க."

மறுநாள் அப்சர் பாய் ஆள் அனுப்பினார். மில்லில் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறாராம், நெல் வரத்து விவரங்களை ஏற்ற ஃபாஜில் வேண்டுமாம். பரிதாபமா பரிகாசமா என்றே எனக்கு விளங்கவில்லை. திருவாரூரில் பஸ் மாற வேண்டும். மெஷின் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்துவிடுவான். முடியாது என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது மச்சான். எனக்குப் பிறகு இவனுக்கு யார் என்று நினைத்தால் தொழுகையில் ரக்அத் எண்ணிக்கை தப்பிப்போகிறது. உங்கள் ஷார்ஜா கடையில் ஒரு மூலை கொடுங்கள், உங்கள் கண் பார்வையில் இருந்தால் போதும். விசாவை உடனே அனுப்பவும்.

உங்கள் கையில் பரக்கத் பெருகட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
லியாகத் அலி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஃபாஜிலிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரியா இருக்கு அத்தா. என்னைத்தான் யாரும் கேக்கல" என்றான். கேட்டேன். ஷார்ஜா வேண்டாமாம். நான் முடியாது என்ற அன்றே அவனே அப்சர் பாய்க்குப் போன் போட்டு, சத்தம் கேட்காத ரூம் உண்டா என்று விசாரித்திருக்கிறான். உண்டாம். திங்கட்கிழமை சேருகிறான். விசா அனுப்ப வேண்டாம். முதல் நாள் மட்டும் கூட வருகிறேன் என்றேன். "வேலைக்கு யாரும் அத்தாவைக் கூட்டிட்டுப் போறதில்ல" என்கிறான். அவனுக்குத் தெரியாமல் அடுத்த பஸ்ஸில் போகலாம் என்றிருக்கிறேன். உங்கள் அக்கா அவனுக்கு முந்திய பஸ்ஸிலேயே போகிறாளாம்.