வலது கைக்கு மாறிய வாட்ச்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு முதுகைத் தவிர நான் நலம். அங்கு நீங்களும் அத்தையும் மூட்டுவலியைத் தவிர நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வேலையில் சேர்ந்தபோது நீங்கள் கழற்றிக் கொடுத்த வாட்சை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். "இடது கையில கட்டுடா, வலது கைக்கு வேலை இருக்கு" என்றீர்கள். அப்படித்தான் கட்டினேன். ஆனால் எங்கள் பேக்கிங் கூடத்தில் மணி என்றால் சுவர்க் கடிகாரம் காட்டுவது மட்டும்தான். காலையில் அது ஆறு நிமிடம் முந்தும். மதியம் சூப்பர்வைசர் ஸ்டூல் போட்டு ஏறி ஏதோ செய்வார், சாயங்காலம் ஆறு நிமிடம் பிந்தும். எல்லோரும் என் இடது கையை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "சுவத்துல ஒண்ணு தொங்குதுல்ல, கையில எதுக்குடா உனக்கு?" என்றார் சூப்பர்வைசர். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகும் நேரம். பயந்துபோய் வலது கைக்கு மாற்றி, சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டேன். அந்தக் கை சும்மா இருக்கிற கையா? முதல் நாளே டேப்பை இழுத்து ஒட்டினதுல வாட்சும் பெட்டியோட சேர்ந்து ஒட்டிக்கிச்சு, பெட்டி பெல்ட்டுல நகருது, நானும் கூடவே நடந்து போறேன், லோடு ஏத்துறவர் "இதுக்கு எந்த ஊர் அட்ரஸ்?"னு கேக்குறார்.

சிரிச்சது அதோட போச்சு. செவ்வாய்க்கிழமை காலையில, எனக்குப் பக்கத்துல லேபிள் ஒட்டுற அக்கா வாசல்ல நிக்குறாங்க. சுவத்துல எட்டு மணி நாலு நிமிஷம். என் வாட்சுல எட்டாக இன்னும் ரெண்டு நிமிஷம். மூணாவது தடவை லேட்டானா வேலை கிடையாது, அவங்களுக்கு இது மூணாவது. "தம்பி, உன் வாட்சுல மணி என்னன்னு சாருக்குச் சொல்லுப்பா"ன்னாங்க. "வாட்ச் கட்டியிருக்கியா?"ன்னு சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். நான் இடது கையை நீட்டினேன், மாமா. வெறுங்கை. வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள்ள. ஒரு பொய்யும் சொல்லல. அக்கா என் பாக்கெட்டையே பார்த்தாங்க. "சரி, விடுப்பா"ன்னு ஏப்ரனைக் கழட்டி ஆணியில மாட்டிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு பிள்ளைங்க அவங்களுக்கு.

இனி இந்த வாட்சைக் கட்ட எனக்குக் கை இல்லை. அத்தைக்கு என் வணக்கம். இருவரும் மாத்திரையை நேரத்துக்குப் போடவும்.

இப்படிக்கு,
விரைவில் நிரந்தரமாகப்போகும்
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: வாட்ச் உறைக்குள் இல்லை, தேட வேண்டாம். தபாலில் சேர்க்கப் போகும் வழியில் அந்த அக்காவைப் பார்த்தேன். தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார், திங்கட்கிழமை விசாரணையாம். என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் சாட்சி சொல்ல வருகிறேன் என்றேன். "எந்தக் கையோட?" என்று கேட்டார். அங்கேயே நின்று இடது கையில் கட்டிக்கொண்டேன். ஆகவே 'நிரந்தரமாகப்போகும்' என்பதை அடித்துவிட்டு வாசிக்கவும். அடுத்த மாதம் முதல் வீட்டில் ஒரு தட்டு கூடுதலாக வைக்கும்படி அத்தையிடம் சொல்லவும்.