ஏரிக்குச் சிவப்பு பூசியவள்

தெரியாமல் செய்த தப்பை யாரும் மன்னித்துவிடுவார்கள். நான் என் தப்பைக் கலரில் பிரிண்ட் போட்டு, சுருட்டி, கூட்ட பஸ்ஸில் கசங்காமல் கொண்டுபோய் நூறு பேர் முன்னால் விரித்தவள்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தாம்பரத்தில் ஒரு சின்ன ஆலோசனை அலுவலகத்தில் முதல் வேலை. புறநகர் எவ்வளவு பரவியிருக்கிறது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து அளக்க வேண்டும். படத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் தண்ணீர், மரம், மண், கட்டடம் என்று கம்ப்யூட்டர் பிரித்துத் தரும். நான் கலர் கொடுப்பேன். (கட்டடத்துக்குச் சிவப்பு. எந்தச் சிவப்பு என்று முடிவு செய்யவே அரை நாள்.)

மேலதிகாரி மோகன் சார், "ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடும்மா" என்றார்.

"சாட்டிலைட்டே பாத்துடுச்சு சார்" என்றேன். நான் குடியிருந்த சிட்லபாக்கத்திலிருந்து பீர்க்கன்கரணை ஒன்றும் வெளிநாடு இல்லை. இருந்தாலும் போகவில்லை.

பீர்க்கன்கரணையில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். ஏரி ஆக்கிரமிப்பை எதிர்த்து வருடக்கணக்கில் மனு போட்டுவந்தவர்கள், அடுத்த மனுவோடு என் வரைபடத்தையும் இணைப்பதாக இருந்தார்கள்.

"இந்த இடம் முழுக்கக் கட்டடமாயிடுச்சு" என்று குச்சியால் தட்டினேன். குரலில் சோகம் வேறு.

சங்கச் செயலாளர் செல்வி அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது ஏரிம்மா."

"இருந்துச்சு அக்கா."

"இருக்கும்மா. காலையில அந்தக் கரையிலதான் வாக்கிங் போனேன்."

நான் எடுத்தது மே மாதப் படம். வறண்ட ஏரியின் காய்ந்த களிமண், மேலேயிருந்து பார்க்க சிமெண்ட் தளம்போல் வெளுத்துத் தெரிய, கம்ப்யூட்டர் கட்டடம் என்றது. நானும் சிவப்பு பூசிவிட்டேன். ஏரிக்குள் நிஜமாகவே கட்டியிருந்த வீடுகளைத் தென்னை மரங்கள் மறைத்திருந்தன. அதற்குப் பச்சை. தோப்பாம்!

கடைசி வரிசையில் ஒருவர் கைதட்டினார். தனசேகர். அந்த 'தோப்பில்' மூன்று வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்.

"படிச்ச பொண்ணு இன்னா கரெக்டா சொல்லுது பாரு! ஏரியே இல்லியாம், நம்ம வூடு தோப்புல கீதாம். கையெழுத்து போட்டு ஒரு காப்பி குடும்மா!"

(பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை. அதுவும் மே மாதத்தில்தான் பிளக்கும் போல.)

செல்வி அக்கா வரைபடத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் திணித்தார். "யாருக்கும் காப்பி கிடையாது. நீ வாம்மா."

மொத்தக் கூட்டமும் என்னை ஏரிக்கு நடத்திக்கொண்டு போனது. ஐப்பசி மழையில் ஏரி ததும்பிக்கொண்டிருந்தது. "இதுல ரெண்டாவது மாடி எதும்மா?" என்று ஒரு பெரியவர் அக்கறையாகக் கேட்டார். ஓர் அடி பின்வாங்கினேன். சேற்றில் வழுக்கிய செருப்பு, நான் கட்டடம் என்று சொன்ன இடத்தில் நிதானமாக மிதந்து போனது.

மறுநாள் வரைபடத்தைத் திரும்பப் பெற்றோம். மழைக்காலப் படத்தையும் சேர்த்து எடுத்து, இரண்டு மாதம் தெருத்தெருவாக நடந்து, மரத்தடி வீடுகளையெல்லாம் எண்ணினேன். (தனசேகர் வீட்டில் மட்டும் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.) சரியான வரைபடம் மனுவோடு போனது. மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. வீடுகளும் இருக்கின்றன. ஏரியும் இருக்கிறது, அது அதன் சாமர்த்தியம்.

இன்றைக்கும் நான் "தயிர் தீந்துபோச்சு" என்று சொன்னால் என் கணவர் கடைக்குக் கிளம்புவதில்லை. மகளைக் கூப்பிடுவார். "உங்கம்மா மேலேர்ந்து பாத்துட்டுச் சொல்றா. நீ போய்க் குனிஞ்சு பாத்துட்டு வா."

பாதி நாள் தயிர் இருந்தும் தொலைக்கிறது.