முதலாளி கற்றுக்கொடுத்த வாக்கியம்

இனி யாருக்கும் நன்றி சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். நன்றியெல்லாம் பழசு. எங்கள் கண்ணாடிக் கடை முதலாளி சொல்வதுதான் புதுசு. 'ஐ ஓ யூ ஒன்.' செய்த உதவிக்குப் பதில் உதவி செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று அர்த்தம். கடை மூடிய பிறகும் நான் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கும்போதெல்லாம் சொல்வார். பத்து வருடமாகச் சொல்கிறார். இதுவரை அரை நாள் லீவுகூடக் கொடுத்ததில்லை.

மனைவியிடம் பெருமையாக விளக்கினேன்.

"அப்போ பதிலுக்கு ஏதாவது செய்யணுமா?"

"சொன்னா போதும். யாரு வந்து கேக்கப்போறா?"

"ரொம்ப வசதியா இருக்கே" என்று துணி மடிக்கப் போய்விட்டாள். நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மச்சினி வீடு மாறுகிறாள். புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது, ஃப்ரிட்ஜ் உண்டு. எனக்கோ வாரத்தில் நிம்மதியாகத் தூங்கக் கிடைப்பது அந்த ஒரு நாள். சனிக்கிழமையே பக்கத்து வீட்டு வேன் டிரைவரைப் பிடித்தேன்.

"காலையில வந்து, அவசர வேலைன்னு என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க. உங்க வீட்டு சோஃபாவுல தூங்கிக்கிறேன். ஐ ஓ யூ ஒன்."

"அதுக்கென்ன சார், வந்துடறேன்."

சொன்னபடியே ஏழு மணிக்கு வந்தார். "அவசர வேலை சார், கிளம்புங்க." துள்ளிக் குதித்து வெளியே வந்தேன். வாசலில் வேன். முன் சீட்டில் என் மனைவி, மடியில் கயிற்றுச் சுருள்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "நாங்க ஊருக்குப் போனப்போ பத்து நாள் எங்க பூனையைப் பாத்துக்கிட்டது அக்காதான் சார். அவங்க வேன் கேட்டாங்க, நீங்க கூட்டிட்டுப் போகச் சொன்னீங்க. ரெண்டு பேர் சொன்னதையும் செஞ்சுட்டேன்."

"சாயங்காலம் அவர் வீட்டு பீரோவை மாடிக்கு ஏத்தணுமாம்" என்றாள் மனைவி. "நீங்கதான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கீங்களே."

ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது நாக்கு வெளியே வந்துவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் அவளைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. ஒரு பூனைக்குப் பத்து நாள் பால் ஊற்றியதில் ஒரு வேன், ஒரு டிரைவர், ஒரு கணவன் என மூன்றையும் பிடித்துவிட்டாள். இவள் மட்டும் முதலாளியாக இருந்திருந்தால் எங்கள் கடைக்கு இந்நேரம் எட்டுக் கிளை இருந்திருக்கும்.

பீரோவையும் ஏற்றிவிட்டு வந்து விழுந்தேன். டீயை நீட்டி, முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்க. ஐ ஓ யூ ஒன்."

எனக்கு உயிர் வந்தது. "அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமை என்னைத் தூங்க விடுறியா?"

"சொன்னா போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"